நடுப்பெட்டிக்கும் ஒரு லீவு

மிளகுக்கொடி ரிசார்ட்டில் போன வருஷ ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர் சர்வருக்கு லீவு விட்டார்கள். உத்தரவு எதுவும் கிடையாது. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், வாஷிங் மிஷின், ஜெனரேட்டர், ஜீப் எல்லாம் குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருக்க, துணி அறை மூலையில் ஒன்று மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. ஹவுஸ்கீப்பிங் மாதம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள், அதுகூடக் கிடையாதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். அதோடு நின்றது ஒரு ஆறுதல்தான். பூசணிக்காய் ஜீப்புக்கு மட்டும்தான் வாங்கியிருந்தார்கள்.

கீழே வரவேற்பில் விடுமுறைக்கு மலையேறி வந்த கூட்டம் மூட்டை முடிச்சோடு நின்றது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையைச் சர்வர்தான் எழுதித் தர வேண்டும். சர்வருக்கு லீவு என்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் அறை இல்லை. மேனேஜர் ராமசாமி சமையலறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்று சாயங்கால பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கியவர்தான். குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி வெங்கடேஷ் மாதம்மாளைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா இப்பிடி நடந்துச்சுன்னா நீங்க ஊட்டோட இருந்துக்குங்க" என்றார்.

இறங்கிப் போனவர் இடத்துக்கு வந்தவன்தான் பிரபாகர். குடையும் அவனுக்கே வந்தது.

முப்பத்தொரு வயது. இன்ஜினியரிங் படித்தவன். சென்னையில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொண்டான். மனைவி வெண்ணிலா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அவனைப் பற்றி இவ்வளவுதான். யாராவது கேட்டால் இதைவிடக் குறைவாகச் சொல்வான்.

சென்னை வீட்டைப் பூட்டியபோது அவன் ஃபிரிட்ஜை நிறுத்தவில்லை. அதில் வெண்ணிலா அரைத்து வைத்த இட்லி மாவு ஒரு டப்பா இருந்தது. சுடவும் தோன்றவில்லை, கொட்டவும் தோன்றவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கீழ் வீட்டு புவனா அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எப்போதாவது அந்த அக்கா போன் செய்வார். "உன் ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குதுப்பா. நிறுத்திடட்டுமா?" என்பார். "இருக்கட்டும்க்கா" என்பான். மாவின் இன்றைய நிலையைப் பற்றி அவன் யோசிப்பதில்லை.

இந்த வருஷக் கோடையில் ஒரு இடி விழுந்தது. வழியெல்லாம் நின்ற சில்வர் ஓக் மரங்களை விட்டுவிட்டுச் சர்வரைத் தேடி வந்து அடித்தது. ஒரு நாள் முழுக்க ரிசார்ட் நின்றது. முதலாளி சேலத்திலிருந்து போன் போட்டார்.

"இந்த மலையும் மழையும் நமக்குச் சரிப்படாதுங்க பிரபாகர். எல்லாத்தயும் சென்னையில ஒரு டேட்டா சென்டர்ல வெச்சிரலாம். நீங்களும் நம்ம சென்னை ஆபீசுக்கே போயிருங்க. உங்களுக்குத்தான் அங்க சொந்த ஊடே இருக்குதுங்களே."

"இங்கயே பண்ணலாங்க" என்றான் பிரபாகர். ராமசாமி திரும்பிப் பார்த்தார். அவன் தானாக ஒரு யோசனை சொல்லி அவர் கேட்டதில்லை. "ரெண்டு சர்வர் போட்டரலாங்க. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு அந்த வேலைய எடுத்துக்கும்."

"நிக்காதா?"

"நிக்காதுங்க."

முதலாளி யோசித்தார். "சரி. ஆயுத பூஜை லீவுதான் பரீட்சை. அந்தக் கூட்டத்துல ஒருக்கா நின்னாலும் அத்தனையும் சென்னை. நீங்களும் சென்னை."

பிரபாகருக்கு மலைமேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஏரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சென்னைக்குப் போனால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். அதனால் அவன் மலையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சர்வர் வந்தது. ரிசார்ட்டில் ஈரம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான், போர்வைகளுக்காகக் கட்டிய துணி அறை. இரண்டையும் அங்கேயே வைத்தான். இடி வாங்கிப் பிழைத்தது அண்ணன், புதிதாக வந்தது தம்பி என்று மாதம்மாள் பெயர் சூட்டினார்.

வேலையை உண்மையில் செய்வது அந்த இரும்பு அல்ல. அதற்குள் ஓடும் மூன்று மெய்நிகர்க் கணினிகள். ஒன்று புக்கிங், ஒன்று கதவு அட்டை, ஒன்று சமையலறை ஆர்டர். இரும்பு உடல் என்றால் இவை உயிர். அண்ணன் விழுந்தால் உயிர் தம்பிக்குத் தாவ வேண்டும். இதை ராமசாமிக்கு விளக்குவதற்குள் பிரபாகருக்கு உயிர் போய்விட்டது.

"நம்ம சமையல்ல ஐயாக்கண்ணு அண்ணனும் அன்பழகனும் இருக்காங்க" என்று ஆரம்பித்தான்.

"பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க."

"அது பரவால்லைங்க. ஐயாக்கண்ணு அண்ணன் பாதிக் கொழம்புல மயங்கி விழுந்தா அன்பழகன் தொடரணும். ஆனா மொளகாத்தூள் டப்பா ஐயாக்கண்ணு அண்ணன் மடியில இருந்தா?"

"அங்கதானே வெச்சிருக்கான்."

"அதைத்தாங்க வேண்டாங்கறேன். சாமான் மொத்தமும் பொதுவா ஒரு சரக்கறையில இருக்கணும். ரெண்டு பேருக்கும் அதுல வழி இருக்கணும். அப்பத்தான் ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் தொடுவாரு."

"மொதல்ல நெசமாலுமே சமையல்ல இதப் பண்ணுங்க" என்றார் ராமசாமி.

அந்தப் பொதுச் சரக்கறைதான் மூன்றாவதாக வந்த பெட்டி. உள்ளே டிஸ்க்குகள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை சமாளிக்கும். மின்சாரம் இரண்டு வழி. அண்ணனுக்கு இரண்டு கேபிள், தம்பிக்கு இரண்டு கேபிள். பல்லி கடித்தாலும், எலி கடித்தாலும், கரண்ட் போனாலும், இடியே விழுந்தாலும் தாங்கும்படி பிரபாகர் பார்த்துப் பார்த்துக் கட்டினான். மூன்று உயிர்களின் சாமான்களையும் அண்ணன் வயிற்றிலிருந்து எடுத்து அதற்குள் வைத்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் மாதம்மாள் அதை நடுப்பெட்டி என்றார்.

முதல் ஒத்திகையில் தம்பிக்கு அனுமதி தர மறந்துவிட்டான். தம்பி கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த ஒத்திகையில் இரண்டுக்கும் அனுமதி தந்து இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தான். தம்பி செத்துவிட்டான் என்று அண்ணன் நினைத்தது. அண்ணன் செத்துவிட்டான் என்று தம்பி நினைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் புக்கிங்கை எடுத்துக்கொண்டு ஒரே பதிவில் மாறி மாறி எழுதின. பொய்ப் பெயர்களை வைத்து ஓட்டியதால் தப்பித்தார்கள். இல்லையென்றால் தேனிலவு அறைக்குள் ஒரு பஜனைக் கோஷ்டி போயிருக்கும்.

"ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சொன்னா என்னுங்க பண்றது?" என்று கேட்டார் ராமசாமி.

"மூணாவதா ஒரு சாட்சி வேணுங்க. வழக்கு வந்தா சாட்சி யாரு பக்கமோ அவருதான் வேலை செய்யணும். மத்தவரு ஒதுங்கிக்கணும்."

அந்தச் சாட்சியை வரவேற்பில் சாந்தாமேரியின் கம்ப்யூட்டரில் ஒரு ஓரத்தில் வைத்தான். துணி அறையில் வைத்தால் சாட்சியும் அவற்றோடு சேர்ந்து படுத்துவிடும்.

"எனக்கு எதுக்கு சார் அடுத்த வீட்டு அண்ணன் தம்பி வழக்கு?" என்றாள் சாந்தாமேரி.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கம்ப்யூட்டரை நிறுத்தாம இருந்தா போதும்."

"எங்க ஊட்டுலயும் எங்கிட்ட இதேதான் சொல்றாங்க."

இதற்கப்புறம் எல்லாம் சரியாக நடந்தது. பிரபாகர் அண்ணனின் இரண்டு பிளக்கையும் பிடுங்கினான். ராமசாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தம்பி ஒரு பெருமூச்சு விட்டு, மூன்று உயிர்களையும் நடுப்பெட்டியிலிருந்து எழுப்பி ஓட்ட ஆரம்பித்தது. கீழே சாந்தாமேரி தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் திரை திரும்பி வந்துவிட்டது. ராமசாமிக்கு இது பிடித்துப் போயிற்று. அதன் பிறகு வந்தவர் போனவரையெல்லாம் துணி அறைக்குக் கூட்டிவந்து, "பாருங்க, இப்பப் புடுங்குறேன் பாருங்க" என்று காட்ட ஆரம்பித்தார். மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவந்தவரிடம்கூடக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "புடுங்காமயே இருந்தா இன்னும் நல்லா ஓடுமுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரபாகர் பிளக்குகளைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டான்.

மாதம்மாள் போர்வை மடித்துக்கொண்டே இதையெல்லாம் கவனித்தார். நாகலூர் எஸ்டேட் லைனில் பிறந்தவர். மடிப்பு ஒரு நூல் பிசகாது. வாயும் நிற்காது.

"ஏன் சாமி, ஒரு மிஷினுக்கே தொணைக்கு ஒண்ணு வேணுமுன்னு இத்தன பாடுபடறீங்க. நீங்க மட்டும் ஒண்டியா ஓடறீங்களே."

"நான் நல்லாத்தானே ஓடறேன்க்கா."

"அடிவாரத்துல எங்க அண்ணன் மகளுக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருக்குது. பேங்க்ல வேலை. நொம்ப அமைதி."

"நானும் அமைதி. ரெண்டு பேரும் பேசாம இருந்தா ஒருத்தர ஒருத்தர் செத்துட்டாங்கன்னு நெனச்சுக்குவோம்."

மாதம்மாள் கையிலிருந்த போர்வையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவன் தன்னை அறியாமல் ஒரு தமாஷ் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தான். கேபிளைப் பார்க்கக் குனிந்துகொண்டான்.

"சரி, அது கெடக்கட்டும். இந்த வருசம் பூசைக்கு இதுகளுக்கு லீவு உண்டுங்களா? போன வருசம் மொதலாளி ஊட்டோட இருந்துக்கச் சொன்ன பேச்சு இன்னும் காதுல கெடக்குது. நீங்க வேண்டாமுன்னா நான் இந்தப் பக்கமே வரலைங்க."

அதில்தான் பிரபாகர் பெருந்தன்மை காட்டினான். "தாராளமா விடுங்க. அண்ணன் ஓய்வெடுத்தா தம்பி பாத்துக்கும். தம்பி ஓய்வெடுத்தா அண்ணன் பாத்துக்கும். எதை நிறுத்துனாலும் எதுவும் நிக்காது."

எதை நிறுத்தினாலும் என்றான். அந்த வார்த்தையை மாதம்மாள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பூஜை நாள் வந்தது. காலையிலிருந்தே மேகம் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தது. மலைப்பாதையில் கார் வரிசை அடிவாரம் வரை நிற்பதாகச் சொன்னார்கள். மாதம்மாள் பட்டுச் சேலையில் வந்தார். கையில் தட்டு, தட்டில் சந்தனம், குங்குமம், பொரி, கடலை, வாழைப்பழம். இந்த வருஷம் பூசணிக்காயும் ஒன்று கூடுதலாக வந்திருந்தது. அதைத் துணி அறைக்குள் உடைக்கக் கூடாது என்று பிரபாகர் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

முதலில் அண்ணன். மூன்று உயிர்களையும் தம்பிக்கு மாற்றினான். கீழே சாந்தாமேரிக்குத் தெரியக்கூட இல்லை. "இந்தப் பட்டனை அழுத்துங்க. விளக்கு அணைஞ்சதும் பொட்டு வெக்கலாம்" என்றான். மாதம்மாள் பட்டனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினார். விளக்கு அணைந்தது. சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. கொஞ்ச நேரம் படுக்க விட்டு எழுப்பினார்கள். அண்ணன் பூவோடு எழுந்தது.

அடுத்து தம்பி. அதுவும் அப்படியே. ராமசாமி கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிளக்கைப் பிடுங்கும் வேலையைத் தனக்குக் கொடுக்கவில்லை என்று அவருக்கு லேசான வருத்தம்.

இரண்டும் எழுந்து ஓடின. பரீட்சை முடிந்தது. பிரபாகர் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினான். படியில் இறங்கும்போது கால் இலேசாக இருந்தது. மலையிலேயே இருந்துகொள்ளலாம். கதவைத் திறக்க வேண்டியதில்லை.

தேநீரில் முதல் வாய் வைத்தான். வரவேற்பில் சாந்தாமேரி, "சார்" என்றாள். திரை உறைந்திருந்தது. சமையலறையில் ஆர்டர் அடிக்கும் பிரிண்டர் பாதிச் சீட்டோடு நின்றது. ஒரு குடும்பம் அட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிய கைக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குடும்பங்கள்.

பிரபாகர் துணி அறைக்கு ஓடினான்.

மாதம்மாள் நடுப்பெட்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது நொம்ப அடம் புடிச்சுதுங்க சாமி" என்றார், திரும்பாமலே. "அதுங்க ரெண்டும் ஒரு அழுத்துல படுத்துருச்சு. இது கண்ணச் சிமிட்டிட்டே இருந்துச்சு. படுக்க மாட்டேங்குது. பாவம், லீவு எடுத்தே பழக்கமில்ல போல. வெரல எடுக்காம அழுத்திட்டே இருந்தேன். ஒரு சத்தம் போட்டுட்டு அப்பறந்தான் படுத்துச்சு."

பிரபாகர் சுவரில் சாய்ந்தான்.

"ஏன் சாமி? எதை நிறுத்துனாலும் நிக்காதுன்னீங்களே. இதோட வேலைய அண்ணனும் தம்பியும் பாத்துக்காதா?"

"அதுங்க ரெண்டோட சோறே இதுக்குள்ளதாங்க்கா இருக்குது."

மாதம்மாள் கையிலிருந்த குங்குமச் சிமிழைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். போன வருஷம் முதலாளி சொன்ன வார்த்தை இருவருக்கும் ஒன்றாக நினைவு வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஆக்கிப் போடறது இது. இதுக்கு மட்டும் லீவில்லையான்னு தோணுச்சு" என்றார் மெதுவாக.

பிரபாகருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டு நாளாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. சாமான் திடீரென்று மறைந்த அதிர்ச்சியில் அண்ணனும் தம்பியும் அரைமயக்கத்தில் இருக்கின்றன. அந்த நிலையில் பெட்டியை எழுப்பினால் எது எதை எடுத்து என்ன எழுதும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் முழுதாக நிறுத்த வேண்டும். பிறகு பெட்டி. பெட்டி முழித்த பிறகு அண்ணன். கடைசியில் தம்பி.

அண்ணனை நிறுத்தினான். தம்பியை நிறுத்தினான்.

அறை அமைதியானது. அத்தனை மாதமும் அங்கே ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"கேட்டீங்களா? எத்தன நிம்மதியா இருக்குது" என்றார் மாதம்மாள். வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெட்டியை எழுப்பினான். விரலை எடுக்காமல் அழுத்திப் படுக்க வைத்ததால் அதற்குச் சந்தேகம். தன் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தது. அதை அவசரப்படுத்த முடியாது. பிரபாகர் போர்வை மூட்டைமேல் உட்கார்ந்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை. மாதம்மாள் தட்டிலிருந்து பொரியை அள்ளி அவன் கையில் வைத்தார். தின்றான்.

கீழே நடந்ததை அவன் பிறகுதான் கேள்விப்பட்டான்.

ராமசாமி வழக்கம்போல அரிசி மூட்டையைத் தேடிப் போயிருக்கிறார். பூஜைக்காக மூட்டைகளை நகர்த்தி அங்கே கிரைண்டரை வைத்திருந்தார்கள். ஒளிய இடமில்லை. கூட்டம் குரலை உயர்த்த ஆரம்பித்தபோது சாந்தாமேரி மேசைமேல் மணியை அடித்தாள்.

"எல்லாரும் வாங்க. இப்ப எங்க ரிசார்ட்டுல மிஷின் எல்லாம் ஓய்வெடுக்குற நேரம். கதவு அட்டை மிஷினும் லீவு. முடிஞ்சதும் முதல் அட்டை உங்களுக்குத்தான். அதுவரைக்கும் பூஜைல கலந்துக்குங்க. சுண்டல் சூடா இருக்கு."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று அத்தனை பேரையும் உட்கார வைத்தாள். பெங்களூர்க்காரர் ஒருவர் தன் போனை நீட்டி, "இதுவும் ஆயுதம்தானே? இதுக்கும் வைங்க" என்றிருக்கிறார். பொட்டு வைத்தால் ஓய்வு விட வேண்டும் என்று சாந்தாமேரி சொல்ல, அவர் மனைவி அதைப் பிடுங்கி ஆஃப் செய்து தட்டில் வைத்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்த மனைவி, அடுத்த கணவன், பிள்ளைகளின் போனைப் பிடுங்கிய அப்பாக்கள். பெரிய பித்தளைத் தட்டு நிறையப் போன்கள் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. ராமசாமியின் போனும் அதில் ஒன்று.

முதலாளி வெங்கடேஷ் புதுக் காரின் சக்கரத்தில் எலுமிச்சம்பழச் சாறோடு மலையேறி வந்தது அந்த நேரத்தில்தான். வழியெல்லாம் ராமசாமிக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஏனுங்க ராமசாமி, போன எடுக்க மாட்டீங்களா?"

"லீவுல இருக்குதுங்க."

முதலாளி தட்டைப் பார்த்தார். பொரி தின்றுகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த விருந்தினர்களைப் பார்த்தார். உறைந்த திரையைப் பார்த்தார். நேராகத் துணி அறைக்கு வந்தார். பின்னாலேயே ராமசாமியும் சாந்தாமேரியும்.

"நின்னிருச்சா?"

"நின்னிருச்சுங்க" என்றான் பிரபாகர், போர்வை மூட்டையிலிருந்து எழுந்து.

"யாரு நிறுத்துனது?"

நடந்ததைச் சொன்னால் போதும். கட்டமைப்பில் பிழையில்லை, ஒரு கை செய்த பிழை என்று முதலாளி ஒத்துக்கொள்வார். அவன் மலையில் இருக்கலாம். மாதம்மாள் வீட்டோடு இருந்துகொள்ள வேண்டும்.

"நான்தாங்க" என்றான்.

"இல்லைங்க, நானுங்க" என்றார் மாதம்மாள்.

"அக்கா, சும்மா இருங்க. நான்தாங்க நிறுத்தினேன்."

"பொய் சொல்றாருங்க. எங்கையில பாருங்க, குங்குமம்."

"எங்கையிலயும் இருக்குதுங்க." பொரித் தட்டிலிருந்து ஒட்டியிருந்தது.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னா நான் என்னுங்க பண்றது?"

"சாட்சிய கேக்கோணுமுங்க" என்றார் ராமசாமி. அவர் அந்த வருஷம் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம் அது. "அது சாந்தாமேரி மேசையிலதான் இருக்குதுங்க."

எல்லோரும் சாந்தாமேரியைப் பார்த்தார்கள். அவள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"பூஜைதாங்க சார் நிறுத்துச்சு" என்றாள். "நான் கீழ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா எனக்குத்தான் அசிங்கம்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழேயிருந்து பெங்களூர்க்காரர் சுண்டல் கிண்ணத்தோடு படியேறி வந்துவிட்டார். "நீங்கதானே ஓனர்? அடுத்த வருஷமும் இதே நாளுக்கு எங்களுக்கு ரூம் போட்டுருங்க. பையன் எங்கூடப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? இந்த லீவ இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணனின் காதில் இருந்த செம்பருத்தியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நடுப்பெட்டி தன் கடைசி டிஸ்க்கைத் தடவி முடித்துவிட்டு, நானிருக்கிறேன் என்பதுபோல ஒரு சத்தம் போட்டது. பிரபாகர் அண்ணனை எழுப்பினான். மூன்று உயிர்களும் வந்தன. பிறகு தம்பி.

"ஏனுங்க பிரபாகர், இத சென்னையில வெச்சா பூசைக்கு நிறுத்தி வெப்பாங்களா?"

"மாட்டாங்க. உள்ளயே விட மாட்டாங்க."

"பொட்டு?"

"வாய்ப்பே இல்லைங்க."

"அப்ப இங்கயே கெடக்கட்டும்." முதலாளி வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா அந்த நடுப்பெட்டிக்கும் ஒரு சோடி போட்டுருங்க. அடுத்த வருசமும் பூசையன்னிக்கு நிறுத்தோணும். ஆனா நிக்கக் கூடாது."

"நிறுத்தணுங்க, ஆனா நிக்கக் கூடாதுங்களா?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கறீங்க."

முதலாளி மாதம்மாளை ஒரு பார்வை பார்த்தார். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். மன்னித்துவிட்டார் என்று அதற்குப் பொருள் சொன்னார் ராமசாமி. பசி என்றாள் சாந்தாமேரி.

சாயங்காலம் மேகம் விலகியிருந்தது. பிரபாகர் தட்டிலிருந்து தன் போனை எடுத்தான். அவனுடையதையும் யாரோ படுக்க வைத்திருந்தார்கள். பொட்டு திரையில் காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமலே எழுப்பி, பூசணிக்காய் சிதறிக் கிடந்த வாசல் ஓரமாகப் போய் நின்று சென்னைக்கு அடித்தான். அவன் அந்த எண்ணுக்குத் தானாக அடிப்பது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நான் பிரபாகர். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுதுங்களா?"

"ஓடுது, ஓடுது. எங்க போகப் போகுது?" என்றார் புவனா அக்கா.

"இன்னிக்கு ஆயுத பூஜை. அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறீங்களா?"

சாவிக் கொத்துச் சத்தம் கேட்டது. படியேறும் சத்தம். கதவு. அப்புறம் அவன் கேட்க நினைக்காத அந்த உறுமல், போனுக்குள் சின்னதாக. ஒரு சொடுக்கு. நின்றது.

"நிறுத்திட்டேன்பா. எவ்வளவு நேரத்துக்கு?"

மேலே துணி அறையில் மாதம்மாள் யாரையோ போர்வை மடிப்புக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படியே இருக்கட்டும்க்கா."

"உள்ள ஒரு டப்பா இருக்கு. மாவு மாதிரி இருக்கு. மாவான்னும் தெரியல. மூடியத் திறந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம்க்கா" என்றான். "திறக்காதீங்க. அப்படியே டப்பாவோட எடுத்துப் போட்டுருங்க."

"நல்ல எவர்சில்வர் டப்பாப்பா."

"தெரியுங்க்கா. அவ வாங்குனது."

அந்தப் பக்கம் டப்பாவை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார் புவனா அக்கா. "ஃபிரிட்ஜுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுக் கெளம்பறேன்."